அழ விடாத வீடு

என் பெண் பிறந்தபோது அவள் மூக்கு தொடங்கும் இடத்தில், இரண்டு கண்களுக்கும் நடுவே, சுண்டைக்காய் அளவில் ஒரு வீக்கம் இருந்தது. லேசான நீலம். தொட்டால் மெத்தென்று உள்வாங்கும். பிரசவம் பார்த்த டாக்டரம்மா, "காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மயிலாப்பூரில் இருந்த என் புகுந்த வீட்டார் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. காட்டினார்கள். டாக்டரைத் தவிர எல்லோருக்கும் காட்டினார்கள்.

பார்த்தவர்கள் யாரும் சும்மா போகவில்லை. கிரகணத்தன்று நான் கத்தரிக்காய் நறுக்கியிருப்பேன் என்றார் பக்கத்து வீட்டு மாமி. அன்றைக்கு நான் அலுவலகத்தில் காகிதங்களை நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். "ஊசியா? அப்போ சரிதான்" என்று திருப்தியாக எழுந்து போனார். இன்னொருவர் இது லட்சுமி கடாட்சம் என்றார். கடாட்சத்துக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்று அதன் மேல் தினமும் கரிய மையால் பெரிய பொட்டு வைத்து மூடினார்கள். அதோடு அந்த வீக்கம் இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துபோனது.

என் மாமனார் சொன்னதுதான் உச்சம். அவர் வாய்ப்பாட்டு வாத்தியார். "கொழந்தைக்கு நாதம் மூக்குக்கு மேலேயே வந்து உக்காந்துண்டிருக்கு. இவ பாடினா கணீர்னு கேக்கும் பாரு" என்றார். அவள் அப்போது பால் கக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாத்தனார் மாலையில் கூடத்தில் சிறுமிகளை உட்காரவைத்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என் கணவருக்கு வங்கியில் வேலை என்றாலும் கையில் அகப்பட்ட பலகையிலெல்லாம் தாளம் போடுவார். நான் சைதாப்பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் யாருக்கும் சுருதி ஞானம் கிடையாது. மின்சார ரயில் போகும் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன், தூங்கினேன்.

சைதாப்பேட்டையில் குழந்தை அழுதால் அழும். பால் ஆறியதும் நிறுத்தும். மயிலாப்பூரில் அப்படி இல்லை. என் பெண் உதட்டைப் பிதுக்கினாலே வீடு எழுந்துவிடும். முதலில் மாமனார் காதைச் சாய்த்து, "முகாரி!" என்று ராகம் கண்டுபிடிப்பார். "இல்லப்பா, சகானா" என்று நாத்தனார் உள்ளேயிருந்து திருத்துவாள். விவாதம் முடிவதற்குள் ஒருவர் பாட, ஒருவர் கிலுகிலுப்பை ஆட்ட, என் கணவர் அரிசி டின்னில் தாளம் போட, குழந்தை தான் எதற்கு அழ வந்தோம் என்பதையே மறந்து சிரித்துவிடும். பத்து மாதம் அவள் ஒரு முழு அழுகை அழுது நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம், "என்ன சமர்த்துக் கொழந்தை!" என்றார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருவழியாக அடையாறில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனோம். போனோம் என்றால் எல்லோரும். கச்சேரிக்குப் போகிற மாதிரி பக்கவாத்தியங்களோடு போனோம். டாக்டரம்மா குறைவாகப் பேசுகிறவர், சீக்கிரம் எரிச்சல் வருகிறவர். எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

"இது என்ன?" என்று பொட்டைக் காட்டிக் கேட்டார்.

"திருஷ்டிக்கு" என்றாள் நாத்தனார்.

"என் கண்ணும் படக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே பஞ்சால் அழுத்தித் துடைத்தார்.

வீக்கத்தை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். குழி இருக்கிறதா, அதிலிருந்து முடி எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணாடி வைத்துத் தேடினார். விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன டார்ச்சை அதன் பக்கவாட்டில் பிடித்தார். மூக்குத் துவாரங்களுக்குள்ளும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மட்டும் பேசினார்.

"பிறக்கறதுக்கு முன்னாடி மூக்கும் மூளையும் அடுத்தடுத்த வீடு மாதிரிம்மா. நடுவுல ஒரு வழி இருக்கும். அது மூடிக்கணும். சில குழந்தைக்குச் சரியா மூடாது. தோல் உள்ள மாட்டிக்கிட்டா ஒரு மாதிரி கட்டி, அதுல அனேகமா குழியோ முடியோ தெரியும். மூளைத் துணுக்கு ஒண்ணு வெளியில தங்கிட்டா இன்னொரு மாதிரி. அது கெட்டியா இருக்கும், அழுதாலும் அப்படியே இருக்கும். மூணாவது, எலும்புல இருக்கற ஓட்டை வழியா மூளையோட உறையே இறங்கி வந்திருக்கும். அது மெத்துன்னு இருக்கும், அழுதா வீங்கும். வெளியிலேர்ந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரி வீக்கம்தான்."

"எங்க கொழந்தைக்கு எது?" என்றார் மாமனார்.

"அதுக்குத்தான் படம் எடுக்கணும். உள்ள வழி இருக்கா இல்லையான்னு தெரியற வரைக்கும் யாரும் ஊசி போட்டு உறிஞ்சிப் பாக்கக் கூடாது, கத்தி வைக்கக் கூடாது. வழி இருந்து அதுல குத்திட்டா மூளையைச் சுத்தி இருக்கற நீர் வெளியே வரும், கிருமி உள்ள போகும். உயிருக்கே ஆபத்து." பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இப்போ குழந்தையைக் கொஞ்சம் அழ விடுங்க. நான் பாக்கணும்."

இப்படி ஒரு வேண்டுகோளை எங்கள் வீட்டார் அதற்கு முன் கேட்டதில்லை. டாக்டரம்மா குழந்தையின் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கினார். உதடு பிதுங்கியது. அடுத்த நொடி மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தை சிரித்தது. டாக்டரம்மா மூவரையும் வெளியே போகச் சொன்னார். போனார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஆனந்தபைரவி வந்தது. பல்லி மாதிரி தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துக் குழந்தை மறுபடியும் சிரித்தது.

"உங்க வீட்டுல எப்பவுமே இப்படித்தானா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி டாக்டர்" என்றேன்.

அவர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டில் அழும்போது நான் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

ஸ்கேன் அன்று காலையிலிருந்து குழந்தையைத் தூங்க விடக் கூடாது, அங்கே போனதும் ஒரு சிரப் கொடுப்பார்கள், தூங்கிவிடும், அசையாமல் இருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவில் மாமனார் ஒத்தாசை செய்வதாக நினைத்து நீலாம்பரி பாடினார். நந்தனம் சிக்னல் வருவதற்குள் அவள் அயர்ந்து தூங்கி, ஸ்கேன் எடுக்கும் இடத்தின் வாசலில் புத்துணர்ச்சியோடு விழித்துக்கொண்டாள். சிரப்பைப் படம் எடுப்பவரின் சட்டையில் துப்பினாள். இருந்தாலும் வேறு வழியில்லாமல் அந்தப் பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்தார்கள். அவள் அங்கே அழவும் இல்லை. வேடிக்கை பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி எல்லாவற்றையும் நன்றாக வேடிக்கை பார்த்தாள்.

படத்தில் எல்லாம் கலைந்து கிடந்தது. ரிப்போர்ட்டில் இரண்டு வாக்கியம்தான். பெரிய ஓட்டை எதுவும் தெரியவில்லை என்பது முதல் வாக்கியம். குழந்தை அசைந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. மாமனார் பல்லவி மட்டும் பாடினார். "ஓட்டை எதுவும் தெரியலை! போட்டிருக்கான் பாரு, ஓட்டை எதுவும் தெரியலை!" என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் வாசலுக்குமாகப் பாடினார். பக்கத்து வீட்டு மாமிக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோரும் என்னிடம் வந்து, "ஒண்ணும் இல்லையாமே, நல்லதாப் போச்சு" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடையாறு டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இந்த வயசுல அந்த இடத்துல எலும்பே முழுசா உருவாகியிருக்காது. தெளிவான படத்துலயே ஓட்டை எது, இன்னும் எலும்பு ஆகாத இடம் எதுன்னு பிரிச்சுப் பாக்கறது கஷ்டம். இதுல நான் என்னத்தைப் பாக்கறது? மயக்க மருந்து குடுத்துத் திரும்ப எடுக்கணும். மெல்லிசு மெல்லிசா எடுக்கணும். எம்.ஆர்.ஐ.யும் எடுத்துடலாம்" என்றார்.

"மயக்க மருந்துன்னா தொண்டைக்குள்ள ட்யூப் விடுவேளா?" என்று மாமனார் கேட்டார்.

"தேவைப்பட்டா விடுவாங்க."

அவ்வளவுதான், வீட்டில் முடிவாகிவிட்டது. பாடப் போகிற தொண்டைக்குள் ட்யூபா! மாமனாரின் பாட்டுக் கூட்டாளி ஒருவருக்கு ஏதோ ஆபரேஷனுக்குப் பிறகு மேல் ஸ்தாயி எட்டவில்லையாம். அவருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எம்.ஆர்.ஐ. என்றால் காந்தம், அது குழந்தையின் ஞாபக சக்தியை இழுத்துவிடும் என்று நாத்தனார் எங்கோ கேட்டிருந்தாள். மூளைக்குப் போகிற வழியைப் பற்றி அந்த வீட்டில் ஒருவருக்கும் கவலை இல்லை. தொண்டைக்குப் போகிற வழியைப் பற்றி எல்லோருக்கும் கவலை. எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்பு போட மறந்தேன். அதைக் கண்டுபிடிக்க மட்டும் எல்லோருக்கும் ஞானம் இருந்தது.

தி. நகரில், பட்டுக்கடைகள் இருக்கும் தெருவில், மாடியில் ஒரு டாக்டர் இருந்தார். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களின் மருவை எடுப்பதில் பேர்போனவர். கணவர் விசாரித்து அங்கே கூட்டிப்போனார். அந்த டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே குழந்தையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. தொடவில்லை.

"மேலோட மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம். பத்து நிமிஷம். தழும்பே தெரியாது."

"உள்ளே வழி இருந்தா?" என்றேன்.

"அதான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கே" என்றார். அவருக்கும் பல்லவிதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை குழந்தைக்கு ஆண்டு நிறைவு, காது குத்தல். திங்கட்கிழமை மூக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்தார்கள். நான் முடியாது என்றேன். அழுதேன். என் அழுகைக்கு யாரும் ராகம் சொல்லவில்லை. "நீ ரொம்பக் கவலைப்படறே" என்று மட்டும் சொன்னார்கள். கணவர் மேஜையில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். தாளம் மாறியதே தவிர வாய் திறக்கவில்லை.

எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. குழந்தை அழ வேண்டும். அழும்போது வீக்கம் பெரிதாகிறதா என்று நான் பார்க்க வேண்டும், அவர்களுக்கும் காட்ட வேண்டும். பெற்ற பிள்ளையை எப்படி அழவைப்பது என்று அலைந்த ஒரே தாய் அந்த வாரம் மயிலாப்பூரில் நானாகத்தான் இருப்பேன்.

மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்ப் பொம்மையைப் பிடுங்கினேன். அடுத்த மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த மாமி காக்காயைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார். குளக்கரைக்குப் போனேன். பசி வந்து முனக ஆரம்பித்தாள். பூக்காரம்மா கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். "இன்னாம்மா நீ, கொயந்த அயுதுகினு கீது, கல்லாட்டம் நின்னுகினு பாக்கறே? இப்டி குடு" என்று பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரனை அமுக்கி அமுக்கி மெட்டுப் போட்டார். என் பெண் அவரைப் பார்த்துக் கை தட்டினாள். எங்கள் தெருவில் அந்தக் கோடையில் லாரித் தண்ணீர்கூடக் கிடைத்தது. ஒரு முழு அழுகை கிடைக்கவில்லை.

வியாழன் ராத்திரி மாற்றுப் புடவையும் குழந்தைத் துணியும் ஒரு பையில் எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போய்விடுவது. பிறகு வருவது வரட்டும்.

வெள்ளிக்கிழமை ஹோமம் முடிந்தது. போட்டோ பிடிப்பவர் வந்திருந்ததால் அன்று பொட்டு வழக்கத்தைவிடப் பெரிது. மேலே சந்தனம் வேறு. மாமன் மடி என்று என் அண்ணா குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்தர் தங்கக் கம்பியை எடுத்தார். எல்லோரும் காதையே பார்த்தார்கள்.

கம்பி உள்ளே போனதும் அவள் முதலில் அழவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இப்படி ஒரு துரோகம் உலகத்தில் உண்டா என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். கூடமே அதிர்ந்தது. மாமனார் பாடினார், நாத்தனார் பாடினாள், கணவர் தாம்பாளத்தில் தட்டினார். ஒன்றும் எடுபடவில்லை. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் அவள் அன்று அழுதாள்.

நான் மட்டும் காதைப் பார்க்கவில்லை. சந்தனப் பொட்டில் ஒரு கீறல் விழுந்தது. பிறகு இன்னொன்று. காய்ந்த சந்தனம் வெடித்து உதிர்ந்தது. அடியிலிருந்து எதுவோ அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தேன். சுண்டைக்காய் நெல்லிக்காயாக நின்றது. தோல் இழுபட்டுப் பளபளவென்று கருநீலமாக இருந்தது. அதற்குள் யாரோ அவள் வாயில் சர்க்கரையைப் போட, அழுகை நின்றது. நெல்லிக்காயும் மெல்ல வடிந்து சுண்டைக்காய் ஆகிவிட்டது. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"பாத்தேளா? மூக்கைப் பாத்தேளா?" என்று கத்தினேன்.

"என்ன மூக்கு? காதைத்தானே குத்தினார்?" என்றாள் நாத்தனார்.

இன்னொரு காது பாக்கி இருந்தது. நான் கிலுகிலுப்பையைப் பிடுங்கிக் கூடத்து மூலையில் எறிந்தேன். சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "இப்போ மத்த காதைக் குத்தட்டும். யாரும் பாடப்படாது. யாரும் தட்டப்படாது. அவ அழட்டும். எல்லாரும் அவ மூக்கைப் பாருங்கோ" என்றேன். மாமனாரிடம் நான் அதற்குமுன் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. என் அண்ணா பயந்துபோய் என்னைப் பார்த்தான். பத்தர் குத்தினார்.

அந்த வீட்டில் முதல் முறையாக ஓர் அழுகை பக்கவாத்தியம் இல்லாமல் கேட்டது. வீக்கம் எல்லோர் கண்முன்னாலும் எழுந்தது. அழுகை ஏற ஏற ஏறியது. மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது இறங்கியது, மறுபடி ஏறியது. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் உதடு அசைந்தது. ராகம் சொல்லப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"போறும்மா" என்றார். "பாத்துட்டேன். கொழந்தையை எடுத்துக்கோ."

கணவர் அப்போதே எழுந்துபோய்த் தி. நகருக்குப் போன் செய்து திங்கட்கிழமை வரவில்லை என்று சொன்னார். அவர் வாய் திறந்து பேசி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுத்துத் திரும்பப் படம் எடுத்தார்கள். மாமனார் ட்யூப் பற்றிக் கேட்கவில்லை. படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி, அடையாறு டாக்டரம்மா பேனா முனையால் காட்டினார். எலும்பில் ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியே மூளையின் உறை மூக்கு வரைக்கும் மெல்லிய காம்பு போல இறங்கியிருந்தது. "பத்து நிமிஷ வேலைன்னு சொன்னாரே, அவர் இதுலதான் கத்தி வெச்சிருப்பார்" என்றார். கணவரின் விரல்கள்கூடச் சும்மா இருந்தன.

மூளைக்கு ஒரு டாக்டரும் அடையாறு டாக்டரம்மாவுமாகச் சேர்ந்து ஆபரேஷன் செய்தார்கள். அந்த ஒரு பகல் எப்படிக் கழிந்தது என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தொண்டையைச் செருமினால்கூட நான் திடுக்கிட்டேன். பாட்டில்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். சாதாரண மனுஷனின் பயந்த முகம்.

கட்டுப் பிரித்த அன்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். தையல் போட்ட இடம் சிவந்து கிடந்தது, வீக்கம் இல்லை. டாக்டரம்மா எங்களை ஒரு சுற்று பார்த்தார். "இப்போ அழ விட்டுப் பாக்கணும். உங்களால முடியுமா?" என்றார்.

"முடியும்" என்றார் மாமனார். அவரே முன்னால் வந்து, அவள் கையிலிருந்த கிலுகிலுப்பையை மெதுவாக விடுவித்து எடுத்துத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். உதடு பிதுங்கியது. அவள் பழக்கப்படி அவர் வாயையே பார்த்தாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது.

என் பெண் வாய்விட்டு அழுதாள். நன்றாக, முழுசாக, முகம் சிவக்க அழுதாள். மூக்கு மூக்காகவே இருந்தது.